பேச்சி எருமையும் பென்டோனைட் மூட்டைகளும்

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது. குளம் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். பெய்த மழையெல்லாம் அடிமண் வழியாக இறங்கிப் போய்விடும். வெயில் தொடங்கினால் நடுவில் ஒரு சட்டி அளவுக்குத் தண்ணீர் மிஞ்சும்.

அந்தச் சட்டிக்குள் தன் முழு உடம்பையும் திணிக்கப் படாதபாடு படுகிறவள் பேச்சி என்கிற எருமை. வெயிலில் அவள் தோல் வெடித்து எரியும். இந்த வருஷமும் குளம் வற்றினால் காட்டை விட்டு அடிவாரத்து ஊருக்குப் போக வேண்டியதுதான். அங்கே கழுத்தில் கயிறு கட்டுவார்கள். காலையும் மாலையும் மடியைப் பிடித்து இழுப்பார்கள். நினைத்தாலே பேச்சிக்கு உடம்பு கூசியது.

பாலம் கட்டுகிற இடத்தில் துளை போடும் இயந்திரத்தோடு கிடந்துவிட்டுக் காடு திரும்பிய கீரி ஒருவன் வழி சொன்னான்.

"அக்கா, பென்டோனைட்னு ஒரு களிமண்ணு இருக்கு. பாக்க வெறும் பொடிதான். தண்ணி பட்டுச்சுன்னா உப்பிக் கூழாயிரும். நாங்க குழி போடுறப்ப பக்கம் சரியாம இருக்க அதத்தான் கரைச்சு ஊத்துவோம். குளத்துத் தரையில பரப்பி நல்லா மிதிச்சு விட்டா ஒரு சொட்டு கீழ இறங்காது."

"மிதிக்க யாரு இருக்கா?"

கீரி அவளை மேலும் கீழும் பார்த்தான். "ஏங்க்கா, என் வாயால சொல்லணுமா?"

காட்டுச் சபை கூடி மண்ணை வரவழைத்தது. மூட்டைகள் கரையில் இறங்கின. ஆனால் அந்தக் காட்டில் ஒரு வழக்கம். எந்த வேலையானாலும் சிங்கராஜா வந்து முதல் பிடி மண்ணைப் போட்டு, போட்டோ எடுத்த பிறகுதான் தொடங்க வேண்டும். ராஜாவோ பக்கத்துக் காட்டில் யாரோ வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். சாப்பாடு நன்றாக இருந்திருக்க வேண்டும், ஆள் திரும்பவில்லை.

மூட்டைகள் சும்மா கிடந்தால் யாருக்குத்தான் கை அரிக்காது? முதலில் வந்தவள் பூனை.

"அடியே, அது குளத்துக்கு வந்த மண்ணு!" என்று கத்தினாள் பேச்சி.

"திங்கவா கொண்டு போறேன்? கக்கூஸுக்கு. ஈரத்த இழுத்து உருண்டையாக்கிருது, நாத்தமே இல்ல. சேத்துல பொரள்றவளுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது!"

அடுத்தவள் மந்தி. கைபேசியில் எதையோ பார்த்துவிட்டு, முகத்தில் எண்ணெய் வழியாமல் இருக்க அப்பிக்கொள்வதற்கு ஒரு மூட்டையை இழுத்துப் போனாள். கரடியின் இலுப்பைப்பூச் சாராயம் எப்போதும் கலங்கலாகவே இருக்கும். இந்த மண்ணைப் போட்டால் அழுக்கெல்லாம் அடியில் தங்கித் தெளிந்துவிடும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவன் மூட்டைகளை அணைத்துத் தூக்கிக்கொண்டு போனான்.

கிடங்குக் காவலர் குஞ்சரம் யானை நேர்மைக்குப் பேர் போனவர். விஷயம் தெரிந்ததும் பதறி ஓடிவந்து, மிச்ச மூட்டைகளைக் கல் கிடங்குக்குள் அடைத்துப் பெரிய பூட்டாகப் போட்டார்.

"குஞ்சரண்ணே, கொஞ்சமாவது குடுங்கண்ணே. வானம் கறுத்துக்கிட்டு வருது."

"ராஜா தொடாத மண்ண ஒருத்தரும் தொடக் கூடாது பேச்சி. நீ அழுதாலும் கூடாது."

பேச்சி அழுதாள்தான். பூட்டு அசையவில்லை.

அந்தக் காட்டுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. வேண்டாதது எதுவானாலும் கொண்டுபோய்க் குளத்தில் கொட்டுவது. பூனை தன் உருண்டைகளைக் கொட்டினாள். இருந்த சட்டித் தண்ணீரில் மந்தி முகம் கழுவிக் கழுவி அதைக் கூழாக்கினாள். கரடி பானை பானையாகக் கசடைக் கவிழ்த்தான்.

"குளமாடா இது, குப்பைத் தொட்டியா!" என்று பேச்சி கொம்பைத் தாழ்த்திக்கொண்டு பாய்வாள். அவர்கள் சிரித்தபடி சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். பேச்சியும் குளம் முழுக்கத் துரத்துவாள். பிடிக்க முடியாத கோபத்தை நின்ற இடத்தில் காலால் ஓங்கி ஓங்கி மிதித்துத் தீர்ப்பாள். தினமும் இதே கூத்து.

மழை வந்தது, கொட்டித் தீர்த்தது. வழக்கம்போல வடிந்துவிடும் என்று பேச்சி ஊருக்குக் கிளம்பத் தயாரானாள். தண்ணீர் வடியவில்லை. மழை விட்ட பிறகும் கரை தளும்ப அப்படியே நின்றது.

கீரி வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பரப்பினது அவங்க, மிதிச்சது நீங்க. இதத்தானக்கா நானும் சொன்னேன்!"

அப்போதுதான் கிடங்குப் பக்கம் பெரிய சத்தம் கேட்டது. கதவுக்கடியில் புகுந்த மழைநீரைக் குடித்துப் பூட்டின அறைக்குள் மண் உப்பியிருக்கிறது. உப்ப இடமில்லாமல் சுவரைத் தள்ளிவிட்டு வெளியே வந்துவிட்டது. சுவரில் சாய்ந்து காவல் காத்த குஞ்சரம் தலை முதல் வால் வரை கொழகொழவென்று நின்றார்.

சிங்கராஜா அன்றைக்குப் பார்த்துத் திரும்பி வந்தார். நிரம்பிய குளத்தைப் பார்த்தார், இடிந்த கிடங்கையும் பார்த்தார்.

"குளத்த அடைச்சது யாரு?"

"நாங்கதான் ராஜா," என்று பூனையும் மந்தியும் கரடியும் முன்னால் வந்தார்கள். "ஒருத்தரையும் எதிர்பாக்காம நாங்களே செஞ்சு முடிச்சிட்டோம்."

"பேச்சி, நீயாவது நடந்ததச் சொல்லும்மா," என்றார் குஞ்சரம். மண் காய்ந்து அவர் முகத்தில் வெடிக்கத் தொடங்கியிருந்தது.

பேச்சி கழுத்தளவு தண்ணீரில் கிடந்தாள். திருட்டுக் கதையைச் சொன்னால் ராஜா மண்ணைத் திரும்பத் தோண்டி எடுக்கச் சொல்வார். தண்ணீர் அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது.

"அவங்கதான் ராஜா," என்றாள்.

மூவருக்கும் மாலை விழுந்தது. கிடங்கு இடிந்ததற்காகக் குஞ்சரத்துக்கு வேலை போனது. பேச்சிக்கு அண்ணனை நினைத்து மனசு வலிக்கத்தான் செய்தது. அந்த வலியோடேயே இன்னும் கொஞ்சம் ஆழத்துக்கு நகர்ந்து, மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டாள்.

நீதி: பொதுச் சொத்தைத் திருடுகிறவர்கள் திருடிவிட்டுப் போகட்டும், கசடைக் குளத்தில் கொட்டினால் போதும். நேர்மையாகப் பூட்டி வைக்கிறவர் பக்கத்தில் மட்டும் மழைக்காலத்தில் நிற்காதீர்கள்.