பேரை மறைத்த பூட்டுக்கடைக்காரர்

“யாரோ நம்ம நெட்டைத் திருடுறாங்க,” என்றார் பூட்டுக்கடைக்காரர். டிவியில் படம் பாதியில் நின்று, வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

“அந்த வைஃபை பெட்டியைத் தூசி தட்டி எத்தனை நாளாச்சு?” என்றாள் மனைவி.

அவர் கேட்டுக்கொள்ளவில்லை. இருபத்தாறு வருடமாகப் பூட்டு விற்கிறவர். தான் விற்ற பூட்டை எவனும் திறந்ததில்லை என்பதில் அவருக்கு அத்தனை பெருமை. சொந்த வீட்டிலேயே திருட்டு என்றால் நாளைக்கு எந்த முகத்தோடு கடையில் உட்காருவது?

மச்சினனுக்குப் போன் போட்டார்.

“வைஃபை பேரை மறைச்சிடுங்க மாமா. பேரே தெரியலன்னா எவன் வருவான்?”

“பாஸ்வேர்டுதான் இருக்கே?”

“அது பூட்டு. இது கதவையே மறைக்கிறது.”

கதவையே மறைப்பதா! இத்தனை வருடத் தொழிலில் இது தனக்குத் தோன்றவில்லையே என்று இருந்தது அவருக்கு. உடனே மறைத்தார். மறு நொடி மூன்று கைப்பேசிகளிலும் டிவியிலும் நெட் அறுந்தது.

“இனிமே பேரை நாமளே அடிச்சாத்தான் சேருமாம். என்ன பேரும்மா?” என்று பால்கனியிலிருந்து மகள் கேட்டாள்.

“பெரிய கே, சின்ன கே, அப்புறம் ஏழு,” என்று சமையலறையிலிருந்து மனைவி கத்தினாள்.

எதிர்வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர், “ஏழா, ஒண்ணா?” என்று விசாரித்தார்.

ரகசியம் தெருவுக்குப் போய்விட்டது. பூட்டுக்கடைக்காரர் பதினாறு எழுத்தில் புதுப் பேர் வைத்தார். தாளில் குறித்துவைக்கச் சொன்னாள் மகள். “எழுதி வச்சா அது ரகசியமா?” என்று கேட்டார். அரை மணி நேரத்தில் அவருக்கே மறந்துவிட்டது. நடுவில் வருவது ஓவா, சைபரா?

“நல்லாத்தான் பூட்டினீங்க,” என்றாள் மனைவி. “சாவியை உள்ள வச்சு.”

ஓ போட்டுப் பார்த்தார். சைபர் போட்டுப் பார்த்தார். வெறுத்துப்போய்க் கைப்பேசியை மேசையில் வைத்த நேரத்தில், அது தானாகவே நெட்டில் சேர்ந்துகொண்டது. பின்னாலேயே மற்ற போன்களும் டிவியும். படம் தங்குதடையில்லாமல் ஓடியது.

“பாத்தியா? திருடன் ஓடிட்டான்,” என்றார்.

அந்த வாரம் முழுக்க அவர் நடையே மாறியிருந்தது. சைக்கிளுக்குப் பூட்டு, டிரங்குக்குப் பூட்டு என்று எதற்கு வந்தவர்களாயிருந்தாலும், கதவை மறைக்கும் வித்தையைக் கேட்காமல் கடையைவிட்டு இறங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மாடிவீட்டு டீச்சர் கூப்பிட்டார். கம்ப்யூட்டரில் பாடம் நடத்துகிறவர்.

“ஒரு வாரமா கிளாஸ் எடுக்க முடியல சார். பாதி வார்த்தையில வாயைத் திறந்தபடி நின்னுடறேனாம். மூணு பிள்ளைங்க வேற டீச்சர் தேடுறாங்க. யாரோ என் நெட்டைத் திருடுறாங்க.”

சட்டையை மாற்றிக்கொண்டு மாடியேறினார். அங்கே நெட் கம்பெனியிலிருந்து வந்த பெண் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள்.

“பேரை மறைச்சிடும்மா. நான் அப்படித்தான் செஞ்சேன்,” என்றார் அவளிடம்.

“அதால பெருசா ஒண்ணும் ஆகாது சார்,” என்றாள் அவள், தலை நிமிராமல். “பேரு பட்டியல்ல வராது, அவ்வளவுதான். ஏதாவது ஒரு போன் அதுல சேரும்போது பேரு வெளிய வந்துடும். நல்ல பாஸ்வேர்டுதான் காவல். கீழ்வீட்டுலேர்ந்து பேரில்லாத நெட் ஒண்ணு இங்கயே தெரியுதே.”

“அது என்னுது.” அவர் நெஞ்சு நிமிர்ந்தது. “அதுக்குள்ள எவனாவது நுழைஞ்சிருக்கானா பாரு.”

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். “ஈ காக்கா இல்ல சார்.”

“கேட்டீங்களா டீச்சர்?”

“எனக்கு அந்தச் சாமர்த்தியம் ஏது?” என்றார் டீச்சர். “போன மாசம் உங்க வைஃபை பெட்டி ரிப்பேரானப்ப உங்க வீட்டுக்குப் பாஸ்வேர்டு குடுத்தேன் பாருங்க, அந்த மாதிரி யார் கேட்டாலும் குடுத்துடறேன்.”

நெட் கம்பெனிப் பெண் திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள்.

“உங்க நெட்டுல வெளியாளோட மூணு போனும் ஒரு டிவியும் ஓடுது டீச்சர். முதல் போனோட பேரு ‘பூட்டுக்கடை’.”