அப்போதிக்கரியார் ஊற்றிய தேத்தண்ணி

அப்போதிக்கரியார் கோபப்படாத நாள் ஒன்றைக் கண்டேன் என்று கண்டியில் யாராவது சொன்னால், அவர் பொய்யர், அல்லது ஊருக்குப் புதியவர். ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுப்பது அவர் வேலை. மழை பெய்தால் மழையை ஏசுவார். விட்டுவிட்டால் ஏன் விட்டாய் என்று ஏசுவார். இருமல் குறையவில்லை என்று திரும்பி வந்த ஒருவரை, "மருந்து சரி ஐசே, உம்முடைய இருமல்தான் பிழை" என்று துரத்தியவர்.

இப்படிப்பட்டவரிடம்தான், வாவிக்கரைக் கார்னிவலில் எங்கள் கத்தோலிக்கக் கோயில் போட்ட தேத்தண்ணிக் கடையைப் பங்குச் சுவாமியார் ஒப்படைத்தார். மனிதர் மருந்துத் தராசோடு வந்து சீனி நிறுத்தார். பாலை மருந்துக் கிளாஸில் அளந்தார். கொஞ்சம் கூடுதலாகச் சீனி கேட்ட ஒரு அம்மாவிடம், "டொக்டரிட்டத் துண்டு வாங்கிக்கொண்டு வாரும்" என்றார்.

சிரிப்பு இதோடு போதும். இனிச் சொல்லப்போவதில் எனக்கும் பங்கு உண்டு.

கார்னிவலுக்கு முந்தின ஞாயிறு கோயில் கமிட்டி கூடியது. அப்போதிக்கரியாருக்கு அன்று ஆஸ்பத்திரியில் வேலை. கமிட்டித் தலைவரான பெரிய கிளாக்கர், "தேயிலைத் தோட்டத்து ஆக்களுக்குத் தேங்காய்ச் சிரட்டையில குடுப்பம். கோப்பை மற்றவைக்கு. இல்லாட்டி மரியாதையான ஆக்கள் கடைப்பக்கம் வராயினம்" என்றார். ஒரே கிராதியில் முழந்தாளிட்டு நற்கருணை வாங்குகிற சனம் நாங்கள். சுவாமியார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செக்ரட்டரியாகிய நான் தீர்மானத்தை அழகாக எழுதினேன். என் கையெழுத்தைப் பாராட்டினார்கள். வெட்கம் கெட்ட கை.

கார்னிவல் அன்று ஹந்தானைத் தோட்டத்து லயத்திலிருந்து சவரியம்மாவும் நாலு பெண்களும் விடியவே இறங்கி வந்து, கடைக்குப் பின்னால் புகைக்குள் குந்தியிருந்து வடை சுட்டார்கள். நான் ஒரு சாக்குச் சிரட்டையோடு போய்ச் சேர்ந்தேன்.

"இதென்ன ஐசே, அடுப்பெரிக்கவோ?" என்றார் அப்போதிக்கரியார்.

தீர்மானத்தையும் சுவாமியார் கூரை பார்த்ததையும் சொன்னேன். அவர் ஏசவில்லை. சாக்கை வாங்கி மேசைக்குக் கீழே வைத்தார்.

கடை திறந்ததும் ஐந்து கதிரைகளை முன்னால் போட்டு, சவரியம்மாவையும் மற்றப் பெண்களையும் இருத்தினார். பால் அளந்து, சீனி நிறுத்து, ஐந்து கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தார். மிச்சக் கோப்பைகளைப் பெட்டியில் போட்டுப் பூட்டி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

பெரிய கிளாக்கர் மனைவியோடு வந்தார். அவர் கையில் சிரட்டை வந்து சேர்ந்தது.

"என்ன பகிடியோ இது? கோப்பை எங்கை?"

"கோப்பை சமைச்சவைக்கு. சிரட்டை தீர்மானிச்சவைக்கு."

"நான் இந்தக் கோயிலை விட்டே போவன்."

"போம். சிரட்டையை வைச்சிட்டுப் போம்."

சத்தம் கேட்டுச் சுவாமியார் ஓடி வந்தார். அவருக்கும் ஒரு சிரட்டை. "கூரை பாத்தவைக்கும் உதுதான், சாமி" என்றார் அப்போதிக்கரியார். சுவாமியார் முகம் சிவக்க வாங்கி, நின்றபடியே குடித்தார். எனக்குக் கிடைத்தது ஓட்டைச் சிரட்டை. சூடு உள்ளங்கையில் இறங்கியது. கீழே வைக்கத் துணிச்சல் வரவில்லை.

சவரியம்மா மட்டும் கோப்பையை வாயில் வைக்கவில்லை. "நம்மளால சண்டை வேணாங்கய்யா. நாங்க செரட்டையிலயே குடிச்சுக்கிறோம்" என்று எழுந்தார்.

"இரும் அம்மா. எவ்வளவு கவனமா அளந்து ஊத்தினனான். ஆற விட்டீரெண்டால் உமக்கும் ஏச்சு விழும்."

சவரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார், சிரித்தார், உட்கார்ந்து குடித்தார். பெரிய கிளாக்கர் மனைவியை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வருடக் கமிட்டியில், எல்லோருக்கும் கோப்பைதான் என்று நானே எழுந்து சொன்னேன். எல்லோரும் கை தூக்கினார்கள். அப்போதிக்கரியார் மட்டும் மேசையில் அடித்தார்.

"இதைச் சொல்ல உமக்கு ஒரு வருஷமோ ஐசே?"

அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைப் பாராட்டிவிட்டார்கள். ஒன்றும் மனதில் நிற்கவில்லை. அந்த ஏச்சை மட்டும் இன்னொரு தடவை கேட்க ஆசையாக இருக்கிறது.