எக்ரீஜியஸ் கசிவு

வானகரம் பைபாஸை ஒட்டிய அடுக்ககத்தின் இரண்டாவது மாடியில், விஜி ஒரு கையில் குடையும் மறு கையில் கரண்டியுமாகச் சாம்பார் கிண்டிக்கொண்டிருந்தாள். மேல் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் சரியாக அவள் அடுப்புக்கு நேராகத்தான் சொட்டியது.

குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் தமிழில் மூன்று முறை முறையிட்டாயிற்று. செக்ரட்டரி ராகவன் கண்டுகொள்ளவே இல்லை.

"தமிழ்ல எழுதுனா யாரு மேடம் மதிப்பாங்க?" என்ற வாட்ச்மேன் வீராசாமி, ஒரு கிழிந்த புத்தகத்தை நீட்டினார். "பழைய பேப்பர் கட்டுல கெடந்துச்சு. வெச்சிக்கினு படிங்க."

உயர்தர ஆங்கிலச் சொற்களை முப்பதே நாளில் தமிழ் அர்த்தத்தோடு கற்றுத்தரும் புத்தகம். விஜி அன்றே 'எக்ரீஜியஸ்' கற்றாள். படுமோசம் என்று அர்த்தம். 'எங்கள் கசிவு எக்ரீஜியஸ்' என்று குழுவில் போட்டாள்.

பதினான்கு பேர் கைதட்டினார்கள். ஒருவர், "சேம் டு யூ" என்றார்.

விஜிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் 'எங்கள் வீட்டு நிலை லாமெண்டபிள்' என்று இறக்கினாள். வருந்தத்தக்கது என்று அர்த்தம். குழுவே "ஓம் சாந்தி" போட்டது. முதல் மாடி வசந்தகுமாரி மாலையோடு வந்து கதவைத் தட்டினாள். திறந்தவன் விஜியின் கணவன் அரவிந்தன்.

"எப்போ எடுக்கறாங்க?" என்று அவனிடமே விசாரித்தாள் வசந்தகுமாரி.

"உன் இங்கிலீஷ் என்னைக் கொன்னுடுச்சுடி!" என்று கத்தினான் அரவிந்தன்.

அதற்குள் ஒரு சொட்டு இரண்டு சொட்டானது. குடை போதவில்லை. வந்த ஆத்திரத்தில், கடைசிப் பக்கம் வரை இருந்த அத்தனை வார்த்தைகளையும் ஒரே மெசேஜில் கொட்டித் தீர்த்தாள் விஜி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில், "இவ்வளவு இங்கிலீஷ் தெரிஞ்சவங்கதான் நமக்கு செக்ரட்டரி!" என்று எல்லோரும் கைதூக்கினார்கள். முதல் கை ராகவனுடையது. சாவிக்கொத்தை விஜியின் கையில் திணித்துவிட்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிப் போனார் மனிதர்.

விஜிக்குப் பெருமை தாங்கவில்லை. இனி யாரையும் கெஞ்ச வேண்டியதில்லையே! ஆனால் சாவியை இடுப்பில் செருகுவதற்குள் போன் அலறத் தொடங்கியது. லிஃப்ட் நின்றுவிட்டதாம். மோட்டார் ஓடவில்லையாம். யாரோ யாருடைய இடத்திலோ காரை நிறுத்திவிட்டார்களாம்.

"அதெல்லாம் அப்புறம். வீராசாமி, முதல்ல எங்க வீட்டுக்கு பிளம்பரைக் கூப்பிடுங்க!"

"பிளம்பர் வருவான் மேடம், நீங்க அந்த புக்கைக் குடுங்க," என்றார் வீராசாமி. "ராகவன் சார் ஊட்ல ஒழுகினப்போ அவுருக்கு முன்னாடி இருந்த செக்ரட்டரி அவுருக்குக் குடுக்கச் சொன்னாரு, உங்க ஊட்ல ஒழுகினப்போ ராகவன் சார் உங்களுக்குக் குடுக்கச் சொன்னாரு, இப்போ நாலாவது மாடியில ஒழுக ஆரம்பிச்சுகீது."