அத்தானைச் சிங்கப்பூருக்கு அனுப்பப் பார்த்தேன்

யாராவது தும்மினால் கைவைத்தியம் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் பெருமூச்சு விட்டால், அவர் இறங்குவதற்குள் அவருடைய மகளுக்கு மாப்பிள்ளை பார்த்து முடித்திருப்பேன். பிறவிக் கோளாறு. இப்படிப்பட்ட ஒருத்தி, பிறர் துயரத்தை வாயைத் திறக்காமல் கேட்கும் வித்தையைப் படிக்கப் போனால் என்ன ஆகும்? எங்கள் குடும்பத்தில் ஓர் ஆள் குறையப் பார்த்தது.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து ஓராண்டு ஆகியிருந்த நேரம். எங்கள் வீடு மலாக்காவில், காஜா பேராங்கில். நான் தமிழ்ப்பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியை. நாடே புதிதாகிவிட்டது, நான் மட்டும் பழைய ஆளாகவே இருப்பதா என்று உள்ளே ஒரே பரபரப்பு. ஒரு மாதம் தட்டச்சு, மறுமாதம் தையல் என்று அலைந்துகொண்டிருந்தேன். எதிலும் நிலைத்து உட்காரவில்லை. பண்டார் ஹிலிரில் ஒரு மண்டபத்தில் சனிக்கிழமை பிற்பகலில் கவுன்சலிங் வகுப்பு நடக்கிறது, சமூகத் தொண்டில் ஆர்வம் உள்ளவர்கள் வரலாம் என்று கேள்விப்பட்டதும் சைக்கிளை மிதித்துவிட்டேன். (கவுன்சலிங் என்றால் என்ன என்று அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான் விசாரித்தேன்.)

வகுப்பு நடத்தியவர் ஒரு வெள்ளைக்கார அம்மையார். பாடம் கேட்க எளிதாகத்தான் இருந்தது. கஷ்டத்தோடு வருபவருக்குப் புத்தி சொல்லாதே. குறுக்கே பேசாதே. அவர் சொன்னதையே உன் வார்த்தையில் திருப்பிச் சொல். தன் மனசு தனக்கே கேட்டால் அவருக்கு வழி புலப்படும். அவர் மௌனமானால் நீயும் மௌனமாக இரு. கேட்டதை வெளியே சொல்லாதே.

பயிற்சிக்கு எனக்குத் துணையாக வாய்த்தவர் பிள்ளை என்பவர், ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸர். மலாக்கா செட்டி இனத்தவர், பேர்தான் தமிழ், பேச்செல்லாம் மலாய். தாயார் இறந்த பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று அவர் ஆரம்பித்தார். அவ்வளவுதான், என்னுடன் வேலை பார்க்கும் ஆசிரியைக்கு ஒரு தங்கை இருப்பதையும், அவள் மீன்குழம்பு வைக்கும் அழகையும் நான் மலாயில் விவரிக்கத் தொடங்கிவிட்டேன். “சபார் லா,” என்றார் அவர். (கொஞ்சம் பொறுமையாக இரு என்கிறார்.) அம்மையார் வந்து, பேச வேண்டும் என்று வாய் துடிக்கும்போதெல்லாம் கால்விரல்களைத் தரையில் அழுத்திக்கொள்ளும்படி எனக்கு யோசனை சொன்னார். சனிக்கிழமைதோறும் கால் மரத்துப்போய்த்தான் வீடு திரும்பினேன்.

அந்தச் சமயத்தில்தான் என் கூடப்பிறந்த புஷ்பம் அக்காவின் புருஷன் கோபித்துக்கொண்டு போனார்.

அத்தான் பஸ் கம்பெனியில் டிக்கெட் சோதிப்பவர். பாட்டென்றால் உயிர். நண்பர் ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் எழுந்து நின்று பாடத் தொடங்கினார். பாதியில் அக்கா, பந்தலே கேட்கும்படி, “போதும், வந்து சாப்பிடுங்க, சோறு ஆறுது,” என்றாள். அத்தான் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் தலையணையும் துணிப்பெட்டியுமாகச் செமாபோக்கில் இருந்த சிநேகிதர் வீட்டுக்குப் போய்விட்டார். அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து அழுதாள். அவர் வாரக்கணக்கில் திரும்பவில்லை. அப்பா போய்ப் பேசுவதாகச் சொன்னார். அப்பா பேசினால் அடிதடியாகிவிடும் என்று அம்மா பயந்தாள். நான் எழுந்து, இதற்கென்றே படித்துக்கொண்டிருப்பவள் நானிருக்க நீங்கள் ஏன் கவலைப்படுகிறீர்கள் என்றேன். நான் படித்திருந்தது மூன்று சனிக்கிழமை.

சிநேகிதர் வீட்டு நங்கா மரத்தடியில் (பலாமரம்தான்) அத்தான் சாரோங் கைலியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நானும் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, விரல்களை மண்ணில் ஊன்றிக்கொண்டேன்.

“எல்லார் முன்னாடியும் சொல்லிட்டா, வசந்தா.”

“அக்கா எல்லார் முன்னாடியும் சொன்னது உங்களுக்கு வலிக்குது.”

அத்தான் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மடை திறந்தது. டிக்கெட் சோதிக்கவா நான் பிறந்தேன் என்றார். சிறுவயதில் தாம் பாடினால் கித்தாத் தோட்டமே ரப்பர்ப் பால் வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்கும் என்றார். அப்படியே திருப்பிச் சொன்னேன். எனக்கு நாக்கு அரித்தது. அக்கா அழுகிறாள், எழுந்து வாருங்கள் என்று சொல்ல வாய் துடித்தது. விரல்கள் மண்ணுக்குள் புதைந்தன. அவர் மௌனமானார், நானும் மௌனமானேன். ஒரு கோழி எங்களைச் சுற்றிவந்து பார்த்துவிட்டுப் போனது.

“சிங்கப்பூர்ல ஒரு நாடகக் குழு இருக்கு. பேசாம அங்க போயிடலாமான்னு தோணுது,” என்றார்.

“சிங்கப்பூருக்கே போயிடலாம்னு உங்களுக்குத் தோணுது.”

அத்தான் எழுந்து நின்றார். முகத்தில் ஒரு வெளிச்சம். “நீ சொன்னப்புறம்தான் எனக்கே தெளிவாகுது. நாளைக்குக் காலை பஸ்ஸுலயே கிளம்பிடறேன். இந்தக் குடும்பத்துல என் பேச்சை முழுசாக் கேட்டது நீ ஒருத்திதாம்மா.”

பாதி தூரம் வரை பெருமையாகத்தான் சைக்கிள் மிதித்தேன். அதன் பிறகுதான் என்ன நடந்தது என்று உறைத்தது. வீட்டில் அக்கா வாசலிலேயே நின்றாள். கேட்டதை வெளியே சொல்லக் கூடாதே! சோற்றைப் பிசைந்தேன், எழுந்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி உட்கார்ந்தேன். ரசம் பரிமாறும்போது உண்மை வெளியே வந்துவிட்டது.

“போக வேணாம்னு நீ சொல்லலையா?” என்றாள் அம்மா.

“சொல்லக் கூடாதும்மா. பாடம் அப்படி.”

“வெறுமனே கேட்டுட்டு வர நீ எதுக்கு? இந்தத் தூணை அனுப்பியிருந்தா அதுவும் கேட்டிருக்கும்,” என்றார் அப்பா.

மறுநாள் காலை அக்காவும் நானும் என் சைக்கிளிலேயே பஸ் நிலையத்துக்கு விரைந்தோம். அத்தான் பெட்டியோடு வரிசையில் நின்றார். அக்கா அழவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. அன்றைக்குப் பாடிய பாட்டைத்தான் சிங்கப்பூரிலும் பாடப்போகிறீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்றார் அத்தான்.

“அதுல மேல போற இடத்துல உங்க குரல் உடையும். கல்யாணமான நாள்லருந்து கேக்கறேன், ஒரு தடவைகூட உடையாம இருந்ததில்ல. அன்னைக்கு மேளக்காரங்க அதுக்கு முன்னாடியே சிரிக்க ஆரம்பிச்சிட்டாங்க. நீங்க அந்த இடத்துக்குப் போறதுக்குள்ள நிறுத்தணும்னு பார்த்தேன். சோறுதான் ஞாபகம் வந்துச்சு.”

அத்தான் பெட்டியைக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்தார். வரிசை நகர்ந்தது, அவர் நகரவில்லை. அக்காவும் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்தை இருவரும் தாங்கிக்கொண்டார்கள். என்னால் தாங்க முடியவில்லை.

“ஆக, உங்க குரல் உடையுதுன்னு அக்காவுக்குத் தோணுது,” என்றேன்.

“நீ சும்மா இரு,” என்றார்கள் இருவரும் ஒரே குரலில். வாரக்கணக்கில் பேசாதிருந்த தம்பதி சேர்ந்து பேசிய முதல் வாக்கியம் அதுதான். பெட்டியை என் சைக்கிளில் ஏற்றிவிட்டு இருவரும் முன்னால் நடந்தார்கள்.

அடுத்த வகுப்பில், யார் எவர் என்று சொல்லாமல், அம்மையாரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, “ஆக, உனக்கு வெட்கமாக இருக்கிறது,” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. அத்தானுக்கு ஏன் ஊரைவிட்டே போகத் தோன்றியது என்று அப்போது எனக்கு நன்றாக விளங்கியது.

என் கல்யாணம் முடிந்த வாரத்தில் அத்தான் என் கணவரை ஓரமாக அழைத்துப்போய், தோளில் கைபோட்டு, “தம்பி, என்ன கோபம்னாலும் இவகிட்ட மட்டும் மனசுவிட்டுப் பேசிடாதீங்க. கேட்டுடுவா,” என்றாராம். அந்த எச்சரிக்கை பிள்ளைகளுக்கு இறங்கி, இப்போது பேரப்பிள்ளைகள்வரை வந்துவிட்டது. குடும்பத்தில் யாராவது மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கும்போது நான் உள்ளே நுழைந்தால் போதும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஒண்ணுமில்ல பாட்டி, சரியாப் போச்சு,” என்று எழுந்துவிடுகிறார்கள்.