நடுப்பகுதி குறித்த பன்னிரண்டு கருத்துகள்

1887 மார்ச் 8, செவ்வாய்க்கிழமை, இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரிலுள்ள வெல்டன்பரி வாசகர் சங்கத்துக்குச் சொந்தமான ‘தார்ன்பெக் வாரிசு’ என்ற நாவல், பன்னிரண்டு வாரங்களில் பன்னிரண்டு வீடுகளைச் சுற்றி முடித்தது. அதன் 163ஆம் பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதிய ஒரு வரி இருந்தது.

எகிப்தியர்கள் பிரமிடு கட்டினார்கள். ரோமர்கள் சாலை போட்டார்கள். நாங்கள் கருத்தேடு வைத்திருந்தோம். முதலிரண்டும் இன்று சிதைந்து கிடக்கின்றன என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

கருத்தேடு என்பது தோல் அட்டை போட்ட தடித்த நோட்டு. சங்கத்தின் புத்தகம் எந்த வீட்டுக்குப் போனாலும் கூடவே அதுவும் போகும். ஏழு நாள் ஒரு வீட்டில் இருக்கும். எட்டாம் நாள் காலை, உறுப்பினர் தம் கருத்தை எழுதிக் கையெழுத்திட்டு அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். நான்காம் விதி, பக்க ஓரங்களில் எதையும் எழுதக் கூடாது என்கிறது. புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. சொல்லாமலே விளங்கும் என்று நிறுவனர்கள் நினைத்திருக்கலாம்.

‘தார்ன்பெக் வாரிசு’ முதலில் கர்னல் ட்ரெட்கோல்டு வீட்டுக்குப் போனது. “கம்பீரமான நடை. நடுப்பகுதி சற்றுத் தொய்வு” என்று எழுதினார். இரண்டாவதாக, விதவையான திருமதி குவெய்ல்: “தொய்வா? நடுப்பகுதியில் நான் கண்ணீர் விட்டேன்.” மூன்றாமவரும் நான்காமவரும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்தார்கள். ஐந்தாவதாக, போதகர் கேரோ: “நடுப்பகுதியின் ஒழுக்கப் போதனை இளம்பெண்களுக்கு மிக ஏற்றது.” ஏழாம் வீடு என்னுடையது. நான் உள்ளூர் வாரப் பத்திரிகையின் ஆசிரியன். என் கருத்துக்குக் கனம் அதிகம். “நடுப்பகுதியில் ஆசிரியர் சிகரத்தைத் தொடுகிறார்” என்று எழுதினேன். அதையே பத்திரிகையிலும் போட்டேன்.

பிப்ரவரிக்குள் வெல்டன்பரி இரண்டாகப் பிரிந்தது. ‘தொய்வு’க் கட்சியும் ‘கண்ணீர்’க் கட்சியும் தேவாலயத்தில் எதிரெதிர் வரிசைகளில் உட்கார்ந்தன. ஓர் இலக்கியச் சமூகத்துக்கு இதைவிட ஆரோக்கியமான அறிகுறி என்ன இருக்க முடியும்?

பன்னிரண்டாவது வீடு சங்கச் செயலாளர் மிஸ் ஸ்டோக்கோவுடையது. மார்ச் 8 மாலை, ஓரத்தில் எழுதியது யார் என்று அறிய, அவர் வரவேற்பறையிலேயே விசாரணைக் கூட்டம் கூடியது. வழக்கமாகவே கூட்டங்கள் அங்குதான் நடக்கும். அவருடைய சமையல்காரி டோர்கஸ் பம்ரி பத்தொன்பது வருடங்களாகச் செய்துவந்த இஞ்சிக் கேக்குக்கும் எங்கள் நூறு சதவீத வருகைப் பதிவுக்கும் தொடர்பு உண்டு என்பவர்கள் இலக்கியத்தின் எதிரிகள்.

மேசைமேல் 163ஆம் பக்கத்தை விரித்து வைத்தோம். பென்சில் வரி இதுதான்: “மிளகு கூடாது. வெந்நீரில் ஊறின ரொட்டி போதும்.”

“மிளகுங்கிறது ஆசிரியரோட காரமான உணர்ச்சி. ரொட்டிங்கிறது வேதம். யாரோ பக்தியுள்ள ஆளு எழுதியிருக்காங்க” என்றார் போதகர்.

“இல்ல, கதாநாயகியக் கிண்டல் பண்ணியிருக்காங்க” என்றார் திருமதி குவெய்ல். “தொய்வுக் கட்சி வேலைதான் இது.”

புதிய விமர்சன முறை ஒன்று பிறந்துவிட்டதோ என்று நான் ஐயம் தெரிவித்தேன். பென்சில் வரியை அரை மணி நேரம் ஆராய்ந்தோம். அச்சடித்த வரிகளின் பக்கம் ஒரு கண்ணும் போகவில்லை. அவைமீது புகார் ஏதும் இல்லையே.

கடைசியில் கர்னல் குனிந்து பக்கத்தை முகர்ந்தார். “வெங்காயம்” என்றார்.

அப்போது டோர்கஸ் கேக் தட்டுடன் உள்ளே வந்தார்.

“டோர்கஸ், இது உன் கையெழுத்தா?” என்றார் மிஸ் ஸ்டோக்கோ.

டோர்கஸ் எட்டிப் பார்த்தார். “ஆமாங்கம்மா. சமையல் குறிப்புப் புத்தகத்துல எழுதி எழுதிப் பழகின கை. தப்புன்னு பட்டா சும்மா இருக்காது.”

“எது தப்பு?”

“சீக்குக் கோழிக்கு மிளகு குடுக்கச் சொல்லியிருக்கான். குடுத்தா குடல் வெந்துபோகும்.”

“எந்தக் கோழிக்கு?” என்றார் போதகர்.

“புத்தகத்துல இருக்கிற கோழிக்குத்தான், ஐயா. பைண்டு பண்ணினவன் வேற புத்தகத்துத் தாளச் சேத்துத் தச்சுட்டான். நூத்தி அறுபதாம் பக்கத்துல அந்தப் பொண்ணு ஜன்னலத் திறக்குது. அடுத்த முப்பத்திரண்டு பக்கமும் கோழி வியாதி. அப்புறம் பாத்தா அதுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. நடுவுல என்ன ஆச்சுன்னு தெரியாம எனக்கு ஒரு வாரமா மண்டை காயுது. நீங்கள்லாம் படிச்சவங்க, கேக்கலாம்னு இருந்தேன்.”

கேக்கை நோக்கி நீண்ட கைகள் பின்வாங்கின.

“வாசி” என்றார் திருமதி குவெய்ல் மெல்லிய குரலில்.

டோர்கஸ் புத்தகத்தை எடுத்து வாசித்தார். “கண்கள் வீங்கும். மூக்கில் நீர் வடியும். தீனியைத் தொடாமல், தனியே ஒரு மூலையில் நிற்கும்.”

“அந்த இடம்தான்” என்றார் திருமதி குவெய்ல். “அங்கதான் அழுதேன்.”

“கர்னல் ஐயா அழுதிருந்தா நியாயம்” என்றார் டோர்கஸ். “டிசம்பர்ல இவரு வீட்டுக் கோழி பதினாறு இதே சீக்குல செத்துப்போச்சு. அப்போ மிளகத் தவிர மத்த மருந்தெல்லாம் இந்தப் புத்தகத்துல, அவரு மேசைமேலயே இருந்திருக்கு.”

கர்னலின் முகம் சிவந்தது. “முப்பத்திரண்டு பக்கம் கோழி. தொய்வுன்னு நான் அன்னைக்கே எழுதலையா?”

“எழுதினீங்கய்யா. ஆனா எப்படிப் படிச்சீங்கன்னுதான் தெரியல. இங்க வந்தப்போ ஒரு மடிப்புகூட அறுக்காம இருந்துச்சு. வெங்காயக் கத்திய வெச்சு நான்தான் முதல் பக்கத்துலேர்ந்து அறுத்தேன்.”

எங்கள் புத்தகங்கள் தாள் மடிப்பு அறுபடாமல்தான் அச்சகத்திலிருந்து வரும். படிப்பவர் கத்தியால் ஒவ்வொரு மடிப்பாக அறுத்துக்கொண்டே போக வேண்டும்.

“நான் மடிப்புக்குள்ள எட்டிப் பாத்துப் படிச்சேன்” என்றார் கர்னல்.

“ஒரு நூலோட ஆன்மா மடிப்புக்குள்ள அடங்குறதில்ல” என்றார் போதகர்.

நான் மனதுக்குள் வியந்துகொண்டிருந்தேன். புத்தகத்தைக் கையில் வாங்கிய ஒவ்வொருவருக்கும், தமக்கு முன்னால் எவரும் அதைப் படிக்கவில்லை என்பது வாங்கிய கணமே தெரிந்திருக்கிறது. ஒருவரும் வெளியே சொல்லவில்லை. நாகரிகம் என்பது இதுதான்.

கர்னல் தீர்மானம் கொண்டுவந்தார்: சங்கத்தின் நூலைச் சமையலறைக் கத்தியால் ‘சேதப்படுத்திய’ சமையல்காரியை, நற்சான்றுக் கடிதம் இன்றி வேலையிலிருந்து நீக்க வேண்டும். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் எந்த வீட்டு அடுப்பங்கரையும் அவரைச் சேர்க்காது. தீர்மானத்தை நான் வழிமொழிந்தேன்.

“பத்தொம்பது வருஷம் என்கூட இருந்தவ” என்றார் மிஸ் ஸ்டோக்கோ. “என் நெஞ்சுவலிக்கு என்ன குடுக்கணும்னு டாக்டரைவிட அவளுக்குத்தான் தெரியும்.”

நான் கருத்தேட்டைப் புரட்டி, பன்னிரண்டாம் கருத்தை அவர் முன் வைத்தேன். “ஒரே மூச்சில் படித்து முடித்தேன். நடுப்பகுதி அற்புதம். லவினியா ஸ்டோக்கோ.”

அவர் அதை வாசித்தார். பிறகு கையை உயர்த்தினார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

“சரிங்கம்மா” என்றார் டோர்கஸ். “கேக் ஆறிடும், சாப்பிடுங்க. அந்தப் பொண்ணு ஜன்னலத் திறந்தாளே, அப்புறம் என்ன ஆச்சுன்னு யாராவது சொன்னா, நிம்மதியாப் போவேன்.”

யாருக்கும் தெரியவில்லை.

டோர்கஸ் பம்ரி வியாழக்கிழமை வெளியேறினார். கருத்தேடு இன்றும் சங்க அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. ‘தார்ன்பெக் வாரிசு’ நூலை வெல்டன்பரியில் பன்னிரண்டு பேர் படித்ததற்கு அது சாட்சி. 163ஆம் பக்கத்துப் பென்சில் வரியை, வழக்கப்படி, காய்ந்த ரொட்டித் துண்டால் தேய்த்து நானே அழித்தேன். ரொட்டி அந்த வீட்டுச் சமையலறையிலிருந்து வந்தது. டோர்கஸ் புதன்கிழமை சுட்டது.