சத்தம் போடாதீர்கள், சூசையப்பன் செபிக்கிறான்

நாட்டில் தியானிகள் பெருகிவிட்டார்கள், கவனித்தீர்களா? காட்டுக்குப் போன பழைய தியானிகளைச் சொல்லவில்லை. அவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. தான் அமைதியாக இருப்பதற்காக ஊரையே வாய்மூடச் சொல்லும் புது ரகத்தைச் சொல்கிறேன். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். பாலக்காட்டில் எங்கள் மாணவர் விடுதிக்கு வாய்த்தவன் சூசையப்பன்.

கொழிஞ்சாம்பாறைப் பையன். காலேஜ் படிப்பு, பந்தாட்டம், பேச்சுச் சங்கம், காப்பிக் கடை, கல்பாத்தித் தேர், தேர் பார்த்துவிட்டு வந்த களைப்பு என்று பாவம், மூச்சுவிட நேரமில்லாதவன். சர்வேசுரனுக்கு மட்டும் எங்கிருந்து ஒதுக்குவான்? தவக்காலத்துப் பிரசங்கம் ஒன்று அவனைப் பிடித்து உலுக்கிவிட்டது. மறுநாள் விடியற்காலையே தனிமைச் செபம் ஆரம்பம்.

செபம் என்றால் எழுந்து முழங்காலில் நின்றால் போதுமா? மெழுகுவர்த்தி வேண்டும், முழங்காலுக்குத் தலையணை வேண்டும், தோளுக்குச் சால்வை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக நிசப்தம் வேண்டும். சமையல்காரி சந்தனமேரி அம்மியில் கை வைத்தால் ஓர் "உஷ்!" உரக்கப் படித்தே மனப்பாடம் செய்யும் நாங்கள் வாயைத் திறந்தால் ஓர் "உஷ்!" கணவாய்க் காற்று கதவை அடித்தால் காற்றுக்கும் ஓர் "உஷ்!" விடுதியிலேயே பெரிய சத்தம் அந்த "உஷ்"தான். யார் அதைச் சொல்வது? பக்திமானாயிற்றே! துவையல் இல்லாத கஞ்சியை மௌனமாகக் குடித்தோம்.

ஒரு சாயங்காலம், சந்தனமேரியின் மகள் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் தலைப்பிரசவ வலியோடு கிடப்பதாக ஆள் வந்து சொன்னான். சந்தனமேரி ரயிலில் ஏறியதே இல்லை. போத்தனூரில் வேறு இறங்கி வண்டி மாறவேண்டும். யாராவது கூட வரமாட்டார்களா என்று எங்கள் முகங்களையே மாறி மாறிப் பார்த்தாள்.

"நானிருக்கறப்ப என்னத்துக்கக்கா பயம்? விடிஞ்சதும் மொத வண்டிக்கு நானே கூட்டிட்டுப் போறேன்" என்றான் சூசையப்பன், எல்லோருக்கும் கேட்கும்படி.

விடிந்தது. மற்றவர்கள் பூசைக்குப் போய்விட்டார்கள். கால் சுளுக்கிப் படுத்திருந்த நான்தான் சாட்சி. தலையணையும் சால்வையுமாக அவன் முழங்காலில் நிற்க, மூட்டையுடன் வாசலில் வந்து நின்றாள் சந்தனமேரி.

"ஏனுங் தம்பி, வண்டிக்கு நேரமாச்சுங்க."

"உஷ்!"

"கெளம்பலாமுங்களா தம்பி?"

"உங்களுக்காகத்தானே அக்கா செபம் பண்றேன்! வானத்துலருந்து காவல் சம்மனசு எறங்கி உங்களுக்குத் தொணையா வரோணும்னு கேட்டுட்டிருக்கறப்ப நடுவுல பேசறீங்களே!"

"சம்மனசு போத்தனூர்ல வண்டி மாத்தி உடுமுங்களா?"

அவன் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டான். நான் கட்டிலிலிருந்து கத்தினேன். எனக்கும் ஓர் "உஷ்" கிடைத்தது. கடைசியில் தூரத்தில் ரயில் கூவியது. "சே, இந்த ரயிலுக்கும் நேரங்காலம் கெடையாது" என்று சலித்துக்கொண்டான்.

மத்தியான வண்டியில் கூட்டிக்கொண்டு போனான். அதைக் குறை சொல்லக்கூடாது. திரும்பி வந்தவன் முகத்தில் என்ன ஜொலிப்பு! "தாயும் பிள்ளையும் சுகம்! நான் முழங்கால்ல நின்னனே, நாங்க போய்ச் சேரறதுக்குள்ளயே பிரசவம்! செபத்தோட பலனைப் பாத்தீங்களா?" விடுதியே மெச்சியது. விடுதியைக் கவனிக்கும் சாமியாரும் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

சந்தனமேரி வேலைக்குத் திரும்பியதும், மகள் எப்படி என்று அவளையே கேட்டேன்.

"பொளச்சுட்டாளுங்க தம்பி. வலி பொறுக்காம, 'அம்மா வந்துட்டாளா, அம்மா வந்துட்டாளா'ன்னு கதவையே பாத்துட்டுக் கெடந்தாளாமுங்க."

சொல்லிவிட்டு அழுதாள். சத்தமில்லாமல் அழுதாள், அந்த விடுதியில் அவளுக்கு அது பழகிப்போயிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தலையணையைத் தூக்கிக் கிணற்றில் போடலாம் போலிருந்தது.

சூசையப்பனை நினைத்துச் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அடுக்களையிலிருந்து யாரோ உங்களை இரண்டு தரம் கூப்பிட்டார்களே, நீங்களும் தலையைத் தூக்காமல் கையை மட்டும் ஆட்டினீர்களே, என்னவென்று போய்க் கேட்டீர்களா?