பானிப்பட் தாலாட்டு

சோமனூர்,
திங்கட்கிழமை.

மதிப்பும் மரியாதையும் மிகுந்த மாமா சின்னான் அவர்களின் சமுகத்துக்கு, சோமனூர் மாப்பிள்ளை கதிரேசன் கைகூப்பி எழுதிக்கொண்டது. பல்லடத்தில் தாங்களும், பூவாத்தாள் அத்தையும், தாங்கள் பார்த்துக்கொள்ளும் கோழிகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் தங்கள் மகள் கயல்விழியும் பேரன் ரித்விக்கும் பேத்தி மேக்னாவும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நேற்று நடந்ததை நினைத்தால் அந்த 'நலம்' என்ற சொல்லுக்கு மட்டும் கை வரமாட்டேன் என்கிறது. போனில் சொல்லக் கூடாதா என்பீர்கள். போனில் நான் 'மாமா' என்று சொல்லி முடிப்பதற்குள் அத்தை வாங்கி, "பாப்பாளுக்கு என்ன குடுத்தீங்க, பல்லு எத்தனை மொளைச்சுது?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். பல்லை எண்ணிச் சொல்லி முடிப்பதற்குள் நான் சொல்ல வந்தது எனக்கே மறந்துவிடும். ஆகவே கடிதம்.

ஆறு வருடத்துக்கு முன்னால் நிச்சயத்தன்று பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "மாப்ள, நம்ம ரெண்டு குடும்பத்துலயும் காட்டு வேலைக்குப் போனவீக உண்டு, மில்லு வேலைக்குப் போனவீக உண்டு, பட்டம் வாங்குனவீக ஒருத்தருமில்லீங்க. எம் பொண்ணு காலேஜ நிறுத்திப்போட்டுக் கல்யாணத்துக்கு ஒத்துக்கிட்டா. அவள எப்பிடியாச்சும் பி.ஏ. முடிக்க வெச்சுப்போடுங்க" என்றீர்கள். நானும் "ஆகட்டுங்க மாமா, அது என்ற பொறுப்பு" என்றேன். அப்போது என் கவனம் முழுக்க இலையில் விழுந்த வடையின்மேல் இருந்தது என்பதை இத்தனை வருடம் கழித்து ஒப்புக்கொள்கிறேன். பத்தாவது படித்த தறிக்காரனுக்குத் தொலைதூரக் கல்வி என்றால் என்னவென்று தெரியுமா? தொலைதூரம் என்றார்களே, அது எங்கேயோ தூரத்தில் நடக்கும் என்று நினைத்துவிட்டேன். அது என் வீட்டு நடுக்கூடத்தில்தான் நடக்கும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

மூன்று வருடப் படிப்பு. இரண்டு பிரசவத்தில் அது ஆறு வருடமாக இழுத்துக்கொண்டது. மற்ற பேப்பரையெல்லாம் நான் ராத்திரி ஷிப்ட் போன காலத்தில் சத்தமில்லாமல் முடித்துவிட்டாள். மிஞ்சியது ஒன்றே ஒன்று, முகலாயர் காலம். பாபரில் ஆரம்பித்து ஔரங்கசீப் சாகிறவரைக்கும். ஒரு தடவை மேக்னா பிறந்து எழுத முடியவில்லை, அடுத்த தடவை ரித்விக்குக்கு அம்மை போட்டு எழுத முடியவில்லை. இந்தத் தடவையும் விட்டால் பதிவு காலாவதி, ஆறு வருடமும் பாழ் என்று கடிதம் வந்துவிட்டது. "படிக்கறதுக்குன்னு தனியா நேரம் ஒதுக்கு அம்மணி" என்றேன். "எங்கிருந்துங்க ஒதுக்கறது? இவளைத் தூரியாட்டற நேரந்தானுங்க என்ற காலேஜு" என்று சொல்லிவிட்டு, சேலைத் தொட்டிலின் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, பாடத்தையே தாலாட்டாகப் பாட ஆரம்பித்தாள். "ஆராரோ ஆரிராரோ, ஆயிரத்தி ஐநூத்தி அம்பத்தாறு, அக்பருக்கு வயசு பதினாலு, ஹேமு கொண்டாந்த ஆனை ஆயிரத்தி ஐநூறு, ஆராரோ." ஒன்றரை வருடம் மாமா! பிள்ளை வளர்ந்ததே பானிப்பட் போரில்தான். நான் ஒரு நாள் எனக்குத் தெரிந்த நல்ல தாலாட்டாகப் பாடிப் பார்த்தேன். ஏதோ அன்னியன் வீட்டுக்குள் புகுந்துவிட்டதுபோல வீறிட்டு அழுதது. ஹேமு யானையேறி வந்தால்தான் அது கண்ணை மூடும்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். போன மாதம் ரித்விக்கின் எல்.கே.ஜி. மிஸ் என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். தறியை நிறுத்திவிட்டு, தலையெல்லாம் பஞ்சோடு ஓடினேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வீட்டுல ஏதாச்சும் பிரச்சினையாங்க? உங்க பையன் கிளாஸ்ல சொல்றான், அப்பாவைப் பிடிச்சுப் பையன் ஜெயில்ல வெச்சுட்டானாம், அண்ணனைத் தம்பியே கொன்னுட்டானாம். தினமும் அம்மா சொல்லித்தான் தூங்க வெப்பாங்களாம்" என்றார்கள். "அது நம்ம குடும்பமில்லீங்க மிஸ், ஷாஜகான் குடும்பமுங்க" என்றேன். "எந்தத் தெரு?" என்றார்கள்.

அந்த அதிர்ச்சி ஆறுவதற்குள் அடுத்தது. கயல்விழி ராப்பகலாக உட்கார்ந்து அக்பரின் ஆட்சிமுறை பற்றி ஒப்படைப்புக் கட்டுரை எழுதி வைத்தாள். அதையும் ரித்விக்கின் வீட்டுப்பாடத்தையும் ஒரே மாதிரி காக்கி அட்டை போட்டு வைத்தது நான்தான், ஒழுங்காக இருக்கட்டுமே என்று. தபாலில் சேர்த்தது நான்தான். மறுநாள் ரித்விக் அக்பர் ஆட்சிமுறையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவருகிறான், கடைசிப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம், கீழே 'எழுத்து அழகு, ஆனால் பெற்றோர் எழுதிக் கொடுக்கக் கூடாது' என்று சிவப்பு மையில். அப்படியானால் பல்கலைக்கழகத்துக்குப் போனது எது? நாற்பது பக்கம் அ, ஆ, இ, ஈ, நடுவே ஒரு ஆட்டுக்குட்டிப் படம். கயல்விழி தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று வாரம் கழித்து மதிப்பெண் வந்தது மாமா. இருபத்தைந்துக்குப் பதினெட்டு! அவள் கை ஒடிய எழுதிய போன கட்டுரைக்குப் பதினாலுதான் போட்டிருந்தார்கள். சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தோம். ரித்விக்குக்கு மட்டும் ஒரு மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன்.

இனிமேல்தான் நேற்றைய கதை. கோயமுத்தூரில் ஒரு காலேஜில் பரீட்சை. பக்கத்து வீட்டு சுப்பாத்தாளிடம் பிள்ளைகளை விடலாம் என்றால் அவர்கள் ஏதோ கெடாவெட்டுக்குப் போய்விட்டார்கள். ஆகவே மொபெட்டில் முன்னால் ரித்விக், பின்னால் மேக்னாவோடு கயல்விழி, எல்லாருக்கும் நடுவில் நான். பத்து மணிக்கு அவள் உள்ளே போனாள். இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் போனாள். "பயப்படாத அம்மணி, பிள்ளைகளை நான் பாத்துக்கறேன்" என்று வீரமாகச் சொல்லிவிட்டு வேப்பமரத்தடியில் நின்றேன். பத்தே நிமிடத்தில் மேக்னா ஆரம்பித்துவிட்டாள். பால் கொடுத்தேன், பிஸ்கட் கொடுத்தேன், வண்டிச் சாவி கொடுத்தேன், ஒன்றும் பலிக்கவில்லை. கையோடு கொண்டுபோன பழைய சேலையை வேப்பங்கிளையில் தொட்டிலாகக் கட்டிப் போட்டேன். ரித்விக் சொன்னான், "அப்பா, ஆனைப் பாட்டுப் பாடுங்கப்பா." வேறு வழியில்லாமல் பாடினேன். உங்களுக்கே தெரியும், முப்பது தறி ஓடும் செட்டில் வேலை செய்கிறவனுக்கு மெல்லப் பேச வராது. நான் ரகசியம் சொன்னால்கூட அடுத்த தெருவில் பதில் சொல்வார்கள். பிள்ளை உடனே அடங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னும் கொஞ்சம் குரலெடுத்துப் பாடினேன்.

பாட்டு இரண்டாம் சுற்று போகும்போது ஒரு பியூன் ஓடிவந்தார். "ஏனுங்க, கயல்விழிங்கறவங்களோட வீட்டுக்காரர் நீங்கதானுங்களா? அட எழவே, மொதல்ல பாட்டை நிறுத்துங்க! உள்ள அவங்களை எழுப்பி நிக்க வெச்சிருக்காங்க" என்றார். மேக்னாவைச் சேலையோடு அவிழ்த்துத் தூக்கிக்கொண்டு, ரித்விக்கையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். என்ன நடந்தது தெரியுமா மாமா? அவள் உள்ளே அரை மணி நேரம் ஒரு வரிகூட எழுதாமல் கேள்வித்தாளையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். காலில் கயிறு இல்லாமல் அவளுக்குப் பாடம் ஞாபகம் வரவில்லை. அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியாக என் குரல் போயிருக்கிறது. உடனே அவள் கால் தானாக ஆடியிருக்கிறது, பேனா கடகடவென்று ஓடியிருக்கிறது. பார்த்துக்கொண்டிருந்த மேற்பார்வையாளர் அம்மா என்ன நினைப்பார்கள்? வெளியே நின்று புருஷன் பாட்டிலேயே விடை சொல்லுகிறான், உள்ளே பெண்டாட்டி எழுதுகிறாள்!

விடைத்தாளை வாங்கி வைத்துக்கொண்டு அவளை வராந்தாவுக்குக் கூட்டி வந்தார்கள். காப்பியடித்ததாக எழுதி அனுப்பினால் மூன்று வருடம் எந்தப் பரீட்சையும் எழுத முடியாதாம். கயல்விழி என்னைப் பார்த்து, "என்னங்க இப்பிடிப் பண்ணிப்போட்டீங்க" என்றாள். அவ்வளவுதான். நான் கொடுத்த வாக்கை நானே ஒரு பாட்டில் கெடுத்துவிட்டேன். அவளோடு படிக்கிற மிஸ்பா என்ற பெண் மட்டும் தன் பரீட்சையை விட்டுவிட்டு எழுந்து வந்து, "மேடம், அவ அப்படிப்பட்டவ இல்லீங்க மேடம், அது நெசமாவே தாலாட்டுத்தானுங்க" என்று வாதாடியது. அந்தப் பெண்ணுக்கும் வீட்டில் இரண்டு வாண்டுகள்.

பரீட்சைக்கெல்லாம் பெரியவர் கௌதமன் என்று ஒரு பேராசிரியர். சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறவர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "தாலாட்டுல எங்கய்யா பானிப்பட் வருது? எங்க முன்னாடி பாடு, பாப்பம்" என்றார். முதலில் சாதாரணத் தாலாட்டுப் பாடச் சொன்னார். மேக்னா காலேஜே கூடும்படி கத்தினாள். "சரி, அதைப் பாடு" என்றார். நானும் ஞாபகத்துக்கு வந்த வரிசையில் பாடினேன். "ஆராரோ, பானிப்பட்டுல பாபரு தோத்துப்போனாரு, ஹேமு விட்ட அம்பு ஹுமாயூனு கண்ணுல பட்டுச்சு, அக்பர் ஆனையில இருந்து தவறி விழுந்தாரு, ஹேமு அழுதுபோட்டுத் தாஜ்மகால் கட்டுனாரு, ஆராரோ." பிள்ளை தூங்கிவிட்டது. அவர் தூணைப் பிடித்துக்கொண்டார். "இருபத்தெட்டு வருஷமா பாடம் நடத்தறேன், இப்படி ஒரு சரித்திரத்தை நான் கேட்டதே இல்லய்யா" என்றார். பிறகு கயல்விழி எழுதிய தாளை வாங்கி ஒரு பக்கம் படித்தார். மேற்பார்வையாளர் அம்மாவிடம் திரும்பி, "இந்த ஆள் பாடினதுல ஒரு வரிகூட சரியில்ல. இந்தப் பொண்ணு எழுதினதுல ஒரு வரிகூட தப்பில்ல. இவரைப் பார்த்து எழுதியிருந்தா பெயிலாகத்தான் முடியும். உள்ள அனுப்புங்க, போன நேரத்துக்கு இருபது நிமிஷம் கூடக் குடுங்க" என்றார். தான் முட்டாள் என்று சபையில் நிரூபணமாகி, அதற்குக் கும்பிட்டு நன்றி சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். என்னையும் தொட்டிலையும் கேட்டுக்கு வெளியே அனுப்பினார்கள். அவள் கடைசி மணிவரைக்கும் எழுதினாள்.

இத்தனைக்கும் பிறகு, திரும்பி வரும் வழியில் வண்டியில் பின்னாலிருந்து என்ன கேட்கிறாள் தெரியுமா மாமா? "ஏனுங்க, இது பாஸாயிட்டா எம்.ஏ. படிக்கலாமுங்களா?" வண்டி கிட்டத்தட்ட சாக்கடைக்குள் போய்விட்டது. நான் கொடுத்த வாக்கு பி.ஏ.வுக்கு மட்டும்தான். ஆகவே தாங்கள் பெரியவராக ஒரே ஒரு வார்த்தை, 'போதும் கண்ணு' என்று, அவளிடம் சொல்லிவிட வேண்டும். நீங்கள் சொன்னால் தட்டமாட்டாள். நான் சொன்னால் அக்பர் படிக்காத மனிதர், ஆனாலும் அறிவாளிகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டார் என்று ஆரம்பித்துவிடுவாள்.

அத்தைக்கு என் வணக்கம். மேக்னாவுக்குப் பல் எட்டு. கோழிகளுக்கு நோய் நொடி வராமலும், தங்களுக்கு முழங்கால் வலி கூடாமலும் இருக்கக் குலசாமியைக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட மாப்பிள்ளை,
கதிரேசன்.

பி.கு.: இந்தக் கடிதத்தைப் போட மறந்து இரண்டு மாதமாக வண்டிப் பெட்டியிலேயே கிடந்துவிட்டது. இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. போன வாரம் முடிவு வந்து கயல்விழி பாஸாகிவிட்டாள், அது உங்களுக்குத் தெரியும், அத்தை சொல்லியிருப்பார்கள். அத்தைக்குத் தெரியாதது ஒன்று உண்டு. செய்தி வந்தபோது நான் தறிச் செட்டில் இருந்தேன். மெயின் சுவிட்சை அணைத்து முப்பது தறியையும் நிறுத்திவிட்டு, "எம் பொண்டாட்டி பி.ஏ.ங்க!" என்று கத்தினேன். யாருக்கோ கை போய்விட்டது என்று முதலாளி செருப்பில்லாமல் ஓடிவந்தார். நல்ல வசவு. ஆனால் அந்த நிமிடம் எனக்கு அழுகைதான் வந்தது மாமா. ஏன் என்று தெரியவில்லை.

எம்.ஏ. பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளாகவே, "வேண்டாமுங்க, உங்களைப் படுத்துனது போதும்" என்று சொல்லிப் புத்தகத்தையெல்லாம் மிஸ்பாவுக்குக் கொடுத்துவிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்போது மேக்னாவுக்கு அவள் சும்மா ஒரு தாலாட்டுப் பாடுகிறாள், பிள்ளை புரண்டு புரண்டு படுக்கிறது, எனக்கும் சோறு இறங்கமாட்டேன் என்கிறது. நேற்று மத்தியானம் பொறுக்க முடியாமல், "ஏன் அம்மணி, ஔரங்கசீப் செத்துட்டாரு, சரி. அதுக்கப்பறம் அந்த ராஜ்யம் என்னாச்சு?" என்று கேட்டுவிட்டேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அதெல்லாம் எம்.ஏ.ல வருமுங்க" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு துணி காயப்போடப் போய்விட்டாள். ஒன்றரை வருடம் கதை கேட்டவனை இப்படி நடுவழியில் இறக்கிவிடலாமா? மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். விண்ணப்பம் வாங்கி அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். தாங்கள் பெரியவராக ஒரே ஒரு வார்த்தை, 'படி கண்ணு' என்று, அவளிடம் சொல்லிவிட வேண்டும்.